மிச்சத் துண்டுகளில் ஆண்பிள்ளைகளுக்கான பிறந்தநாள் வாழ்த்து அட்டை: முழுமையான வழிகாட்டி

கைவினை செய்யும் வீடுகளில் மிச்சத் துண்டுகள் சேரும் பெட்டியைத் திறந்தால், அதில் பெரும்பகுதி சீர்த்தட்டு, ஆரத்தித்தட்டு, கொலு அலங்காரம் ஆகியவற்றில் மிஞ்சியதாகவே இருக்கும்: ஜரிகை ஓரம், குந்தன் கல், ரோஸ் நிற நெட் துணி, காகிதப் பூ, ஜிகினா. இவற்றைக் கொண்டு ஒரு பெண்பிள்ளைக்கு அரைமணி நேரத்தில் அட்டை தயாரித்துவிடலாம். அண்ணன் மகனுக்கோ அடுத்த வீட்டுப் பையனுக்கோ பிறந்தநாள் வரும்போதுதான் கை தயங்குகிறது. பெரும்பாலோர் அப்போது நீலச் சார்ட் ஒன்றை மடித்து, அதன்மேல் ஒரு கார் படத்தை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பையன் அதை ஒருமுறை பார்த்து மேசைமேல் வைத்தால் மறுபடி எடுப்பதில்லை.

நிறத்தை மாற்றுவதாலோ படத்தை மாற்றுவதாலோ இது சரியாகாது என்பது என் கருத்து. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பையன்கள் கையில் எடுத்த பொருள் ஏதாவது செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது சுற்ற வேண்டும், நகர வேண்டும், அல்லது திறந்ததும் எழுந்து நிற்க வேண்டும். (பெண்பிள்ளைகளுக்கும் அதே ஆசைதான், அவர்களுக்குப் பூவை ஒட்டிக் கொடுத்துப் பழக்கியவர்கள் நாம்.) ஆகவே இந்த வழிகாட்டியில் அலங்காரத்தைவிட இயக்கத்துக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது. சுற்றும் அட்டைக்குக் காற்றாலை, நகரும் அட்டைக்கு ஈரடுக்கு மேம்பாலம், எழுந்து நிற்கும் அட்டைக்கு ராக்கெட் என்று, நெல்லைச் சீமையின் பையன்கள் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் வளரும் பொருள்களையே எடுத்துக்கொள்வோம்.

சேர்க்க வேண்டியவையும் தள்ள வேண்டியவையும்

எல்லா மிச்சங்களிலும் விலைமதிப்புள்ளது பழைய திருமண அழைப்பிதழ். சிவகாசியில் அச்சாகி நம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வந்து சேரும் இந்த அழைப்பிதழ்களின் அட்டை, கடையில் வாங்கும் சார்ட்டைவிடக் கனமானது. பெரும்பாலும் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். அச்சில்லாத பின்பக்கம் முழுவதும் நமக்குப் பயன்படும். வெட்டத் தொடங்குமுன் தெய்வப் படமும் மணமக்கள் பெயரும் உள்ள பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். சாமி படத்தின்மேல் கத்தரிக்கோல் போவதை வீட்டுப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

அடுத்தது, ஆண்டு முடிந்ததும் ஆணியிலிருந்து இறங்கும் தினசரி காலண்டரின் பின்னட்டை. வளையாத, உறுதியான பாகங்கள் அனைத்துக்கும் இதுவே போதும். தீபாவளிக்கு வாங்கும் புதுச் சட்டைக்குள் மடிப்பு நிற்பதற்காக வைக்கும் மெல்லிய அட்டை, காலருக்குள் இருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை, கூடவே வரும் உபரிப் பட்டன் ஆகிய மூன்றையும் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள்; பின்னால் செய்யப்போகும் பேருந்து அட்டையின் ஜன்னலுக்கு அந்தப் பிளாஸ்டிக்கைவிடப் பொருத்தமானது வேறில்லை. தையல் கடையில் கேட்டால் சட்டைத் துணி, பேன்ட் துணியின் வெட்டுத் துண்டுகளைப் பை நிறையக் கொடுப்பார்கள். கோடு போட்டதும் கட்டம் போட்டதுமான இந்தத் துணிகள்தாம் பையன்களின் அட்டைக்கு ஏற்றவை. பளபளப்பு இல்லாமலே நிறத்தையும் நயத்தையும் அவை கொடுத்துவிடுகின்றன.

இவற்றோடு நம் ஊருக்கே உரிய இரண்டு பொருள்களைச் சேர்க்கலாம். தாமிரபரணிக் கரையின் கோரையில் நெய்யப்படும் பத்தமடைப் பாய் வீட்டில் கிழிந்து ஓரமாகக் கிடந்தால், அதன் நல்ல பகுதியிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு எடுக்கலாம். நேரடியாக வெட்டினால் கோரை உடனே பிரிந்துவிடும் என்பதால், வெட்ட வேண்டிய கோட்டின்மேல் முதலில் வெள்ளைப் பசையை ஒரு விரலகலத்துக்குத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு அந்தப் பசைக்கோட்டின் நடுவே வெட்ட வேண்டும். இரண்டாவது பொருள், கருப்பட்டி வைத்து வரும் ஓலைப்பெட்டியின் பனையோலை. காய்ந்த ஓலையை மடித்தால் வெடிக்கும். ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால் இளகி, மடிப்புக்கும் பின்னலுக்கும் இணங்கும். ஆனால் ஈரத்தோடு அட்டையில் ஒட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு நிழலில் முழுமையாக உலர்த்தியே ஒட்ட வேண்டும்.

தள்ள வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். அல்வா வந்த பெட்டி பார்க்க அழகாக இருந்தாலும் அதன் உள்பக்கத்தை ஒருபோதும் எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நெய் சில நாள்களில் அடுத்த தாளுக்குப் பரவி எண்ணெய்க் கறையாக வெளியே வரும். செய்தித்தாள் விரைவில் மஞ்சளாகும். செலோ டேப் காலப்போக்கில் பழுத்துப் பிசின் கசியும். ஜிகினாத் தூள் பையனின் கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை போய்ச் சேரும் என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

பசையும் கருவிகளும்

கத்தரிக்கோல், எஃகு ஸ்கேல், பிளேடு கட்டர், மை தீர்ந்த ரீஃபில், கவராயம், கோணி ஊசி, பென்சில், வெள்ளைப் பசை, பசைக்குச்சி ஆகியவை இருந்தால் போதும். கட்டரைப் பயன்படுத்தும்போது கீழே காலண்டர் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் சேர்ந்து செய்வதானால் கட்டர் வேலையைப் பெரியவர்களே செய்வது நல்லது.

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய தாளின்மேல் தாராளமாகப் பூசினால் தாள் சுருங்கி அலையலையாக நிற்கும். தாளோடு தாளை ஒட்டப் பசைக்குச்சியையும், துணி, ஓலை, பாய் ஆகியவற்றுக்கு வெள்ளைப் பசையையும் பயன்படுத்துங்கள். வெள்ளைப் பசையைக் குழாயிலிருந்து நேரே பிழியாமல், ஒரு துண்டு அட்டையால் வழித்து மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். பிளாஸ்டிக்கில் இந்தப் பசை பிடிக்காது. அதற்கு இருபக்க டேப் தேவை. ஒட்டியதைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தே காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்வதற்கு இருமடங்கு நேரம் ஆகும் என்பதால், அந்த மாதங்களில் வரும் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தொடங்குவது நல்லது.

அடிப்படை அட்டை

முதலில் உறையைத் தேடி எடுங்கள். அட்டையை அதன் பிறகு வெட்டலாம். அட்டையைச் செய்து முடித்துவிட்டு அதற்கேற்ற உறை கிடைக்காமல் அலைவதைவிட, கையில் இருக்கும் அழைப்பிதழ் உறையை அளந்து, அதைவிட நீளத்திலும் அகலத்திலும் 5 மி.மீ. குறைவாக அட்டையை வெட்டுவது எளிது. உறை ஏதும் இல்லையென்றால் ஏ4 அளவையே பின்பற்றலாம். 210 × 297 மி.மீ. உள்ள ஏ4 அட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 148 × 210 மி.மீ. அளவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105 × 148 மி.மீ. அளவில் இரண்டு வாழ்த்து அட்டைகள் தயார். கீழே வரும் அளவுகள் அனைத்தும் இந்த அட்டைக்கானவை.

மடிக்குமுன் அட்டையை மெதுவாக இரு திசைகளிலும் வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாக வளையும், மற்றத் திசையில் முரண்டு பிடிக்கும். தாள் தயாராகும்போது நார்கள் ஒரே திசையில் படிவதே இதற்குக் காரணம். எளிதாக வளையும் போக்கிலேயே மடிப்பு வரும்படி துண்டை எடுத்தால் மடிப்பு வெடிக்காது. பிறகு மடிப்புக் கோட்டில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் இரண்டு மூன்று முறை அழுத்திக் கோடு இழுங்கள். பள்ளம் விழுந்த பக்கம் வெளியேயும், மேடு எழுந்த பக்கம் உள்ளேயும் இருக்குமாறு மடிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கனமான அட்டையின் மேல்தோல் கிழிவதற்கு அட்டையின் தரத்தைக் குறை சொல்கிறார்கள்.

முதல் அட்டை: சுற்றும் காற்றாலை

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் போகும் எந்தப் பையனும் பேருந்து ஜன்னலில் முகத்தைப் பதித்துப் பார்ப்பது காற்றாலைகளைத்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாயும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் அவை ஓயாமல் சுற்றும். மூன்று இறக்கைகள் மட்டுமே உள்ள இந்த உருவம் வெட்டுவதற்கு மிக எளியது. எனவே முதல் முறையாக அட்டை செய்பவர் இதிலிருந்து தொடங்கலாம்.

அட்டையை நெட்டுவாக்கில், 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமுமாக வைத்துக்கொள்ளுங்கள். முகப்பின் மேல்பகுதி முழுவதற்கும் வெளிர்நீலச் சட்டைத் துணியை ஒட்டி வானமாக்குங்கள். கீழே 4 செ.மீ. உயரத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை வர வேண்டும். இதற்குக் கரும்பச்சை, சாம்பல், நீலச்சாம்பல் என மூன்று பேன்ட் துணிகளை, வெளிர்நிறத்தைப் பின்னாலும் அடர்நிறத்தை முன்னாலுமாக அடுக்கினால் தொலைவு கண்ணுக்குத் தெரியும். துணியின் பின்புறத்தில் மெல்லிய தாளை ஒட்டிக் காயவைத்த பிறகு வெட்டினால் ஓரம் பிசிறாது. முன்னால் ஒரு பனைமரத்தை நிறுத்த விரும்பினால் அதன் தலைக்கு உண்மையான ஓலையையே விசிறியாக நறுக்கி ஒட்டலாம்.

கோபுரத்துக்கு வெள்ளை அழைப்பிதழ் அட்டையில் 9.5 செ.மீ. உயரமுள்ள ஒரு பட்டையை, அடியில் 8 மி.மீ., நுனியில் 4 மி.மீ. அகலம் இருக்குமாறு வெட்டி, நுனி அட்டையின் மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே, அகலத்தின் நடுவில் வரும்படி ஒட்டுங்கள். அந்த நுனிதான் இறக்கைகளின் மையம்.

இறக்கைகளைச் சம இடைவெளியில் வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதற்குக் கோணமானி தேவையில்லை. ஒரு தாளில் கவராயத்தால் 4 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்து, கவராயத்தின் விரிவை மாற்றாமல் வட்டத்தின்மேலேயே அடியெடுத்து வைத்துப் போனால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று புள்ளிகளை மட்டும் மையத்தோடு இணைத்தால் 120 பாகை இடைவெளியில் மூன்று கோடுகள் கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பையன் உடனிருந்தால் இந்த வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள். இந்தத் தாளை அச்சாக வைத்து, 4 செ.மீ. நீளமுள்ள மூன்று இறக்கைகளை 18 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்ட அட்டையின்மேல் ஒட்டி, மேலே இன்னொரு வட்டத்தையும் ஒட்டி இறுக்குங்கள். காய்ந்த பின் மையத்தில் கோணி ஊசியால் ஏறக்குறைய 4 மி.மீ. அளவில் துளையிட்டு, துளையின் உள்விளிம்பை ஊசியாலேயே சுழற்றித் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. அட்டை முகப்பில் கோபுரத்தின் நுனியில், பட்டனின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தில், இரண்டு சிறிய ஊசித் துளைகள் இடுங்கள். முன்னால் ஒரு சட்டைப் பட்டன், அதன் பின்னால் இறக்கைகள், அதன் பின்னால் 1 செ.மீ. விட்டமுள்ள ஒரு சிறு அட்டை வட்டம், பிறகு அட்டை முகப்பு, உள்பக்கத்தில் இன்னொரு பட்டன் என்ற வரிசையில் அடுக்கி, இரட்டை நூலால் கோத்துக் கட்ட வேண்டும். நூலை இறுக்கும்போது முன்பட்டனுக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டு, பிறகு குச்சியை உருவிவிடுங்கள். அந்தக் குச்சியின் கனம் அளவுக்குக் கிடைக்கும் தளர்வில்தான் இறக்கை தடையின்றிச் சுற்றுகிறது. குச்சி இல்லாமல் கட்டினால் பெரும்பாலும் நூல் இறுகி, சுற்ற வேண்டியது நின்றுவிடும். உள்பக்கத்துப் பட்டனும் முடிச்சும் தெரியாமலிருக்க, பட்டன் வரும் இடத்தில் அதன் அளவுக்கு வட்டம் வெட்டிய காலண்டர் அட்டையை உள்ளே ஒட்டி, அதன்மேல் எழுதுவதற்கான தாளை ஒட்டிவிடலாம்.

இந்தக் காற்றாலை வாயால் ஊதினால் சுற்றாது. விரலால் சுண்டினால் சுற்றும். ஊதிச் சுற்றவைக்க வேண்டுமானால் இறக்கைகளை முறுக்கி அட்டையிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டியிருக்கும், அப்போது அட்டை தட்டையாக அடங்காது.

இரண்டாம் அட்டை: ஈரடுக்கு மேம்பாலத்தில் நகரும் பேருந்து

திருநெல்வேலி ஜங்ஷனில் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம், கீழே ஒரு தளமும் மேலே ஒரு தளமுமாக இருப்பதால், இரண்டு வண்டிகள் தனித்தனிப் பாதையில் ஓடும் அட்டைக்கு மிகவும் ஏற்றது. அட்டையைச் சாய்த்தால் பேருந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தானே ஓடும்.

இதில் அட்டை படுக்கைவாக்கில், 148 மி.மீ. அகலத்தில் இருக்கும். மடித்த அட்டையின் முகப்பில் நேரடியாக வெட்டாமல், அதே அளவில் தனியாக ஒரு அழைப்பிதழ் அட்டையை எடுத்து அதில் பாலத்தை அமையுங்கள். மேல் விளிம்பிலிருந்து 3.5 செ.மீ. கீழே ஒரு பிளவும், 7 செ.மீ. கீழே இன்னொரு பிளவும் வேண்டும். ஒவ்வொன்றும் 11 செ.மீ. நீளமும் 5 மி.மீ. அகலமும் கொண்டு, இரு ஓரங்களிலும் 1.9 செ.மீ. விட்டு நிற்கும். பிளவின் இரு முனைகளையும் அரைவட்டமாக வெட்டினால் வண்டி முனையில் சிக்காது. வெட்டிய விளிம்பின்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். வழுக்கல் இதனால் பெரிதும் கூடும். பாலத்தின் தூண்களுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் சாம்பல் நிறப் பேன்ட் துணி ஒட்டும்போது பிளவின்மேல் துணி நீளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகரும் பாகம் மூன்று அடுக்குகள் கொண்டது. பின்னால் கனம் தருவதற்கு, சைக்கிள் கடையில் கிடைக்கும் 2 செ.மீ. அகலமுள்ள பழைய வாஷர் ஒன்றை எடுத்து, அதைவிடச் சற்றுப் பெரிய இரண்டு தாள் வட்டங்களுக்கு நடுவே வைத்து விளிம்பை ஒட்டிவிடுங்கள். வெள்ளைப் பசை உலோகத்தில் நேரடியாகப் பிடிக்காது என்பதால் இந்த ஏற்பாடு. நடுவே பிளவுக்குள் செல்ல, 4 மி.மீ. அகலத்தில் மூன்று அடுக்கு அழைப்பிதழ் அட்டையை ஒட்டி ஒரு சிறு தூண் செய்யுங்கள். பிளவுள்ள அட்டை ஓர் அடுக்கு என்றால் தூண் மூன்று அடுக்காக இருப்பதால்தான் முன்னும் பின்னும் உரசாமல் அது நகரும். முன்னால் 18 மி.மீ. அட்டை வட்டம் ஒன்றை ஒட்டி, அதன்மேல் பேருந்தை ஒட்டுங்கள். பேருந்து 4 செ.மீ. நீளத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் பாதையின் முனையில் அட்டையை விட்டு வெளியே நீளும்.

பின்னால் வாஷர் ஓடுவதற்கு இடம் வேண்டும் அல்லவா? அதற்குக் காலண்டர் அட்டையில் 6 மி.மீ. அகலப் பட்டைகளை வெட்டி, இரண்டு அடுக்காக நான்கு ஓரங்களிலும் சட்டம்போல் ஒட்டி, அந்தச் சட்டத்தை மடித்த அட்டையின் முகப்பில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் பலமுறை சாய்த்துப் பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு உள்ளே எதையும் சரிசெய்ய முடியாது.

மேல் அடுக்கில் பேருந்து, கீழ் அடுக்கில் சைக்கிளோ ஆட்டோவோ போகட்டும். பேருந்தின் ஜன்னலுக்குச் சட்டைக் காலரின் பிளாஸ்டிக்கை வெட்டி, பின்னால் பையனின் முகம் போன்ற ஒன்றை வரைந்து வைக்கலாம். அவன் வயதையே தடம் எண்ணாக எழுதுவது எனக்குப் பிடித்த வழக்கம்: எட்டு வயதுப் பையனுக்குத் தடம் எண் 8, ஊர்ப்பலகையில் அவன் தெருவின் பெயர். வயதைத் தமிழ் எண்ணில் எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். ௭, ௮, ௯ ஆகியவற்றைப் பையன்கள் இரகசியக் குறியீடு கிடைத்ததுபோலக் கொண்டாடுகிறார்கள்.

மூன்றாம் அட்டை: எழுந்து நிற்கும் ராக்கெட்

காவல்கிணறை அடுத்த மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருப்பதும், விகாஸ் எனும் திரவ எரிபொருள் இயந்திரங்களும், மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் இயந்திரங்களும் அங்கே சோதிக்கப்படுவதும் நம் மாவட்டத்துப் பையன்களுக்குத் தெரிந்த செய்தி. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு ராக்கெட் பேச்சு வீடுகளில் இன்னும் கூடியிருக்கிறது. எல்விஎம்3 ராக்கெட்டையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 43.5 மீட்டர். அதை 6.5 செ.மீ. உயரத்தில் செய்தால் ஏறக்குறைய 670இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தக் கணக்கில் 4 மீட்டர் விட்டமுள்ள நடு உடல் 6 மி.மீ. அகலமும், 5 மீட்டர் விட்டமுள்ள தலைக்கூடு (செயற்கைக்கோளை மூடியிருக்கும் மேல்பகுதி) 7.5 மி.மீ. அகலமும், இருபுறமுள்ள திட எரிபொருள் உந்திகள் ஒவ்வொன்றும் 5 மி.மீ. அகலமும் பெறும். இந்த அளவுகளை அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் குறித்துக் கொடுத்தால் விவரம் தேடும் பையன் அதைத்தான் முதலில் படிப்பான்.

எழுந்து நிற்கும் அமைப்புக்கு, வெளி அட்டை தவிர உள்ளே ஒரு தனித் தாள் வேண்டும். 150 ஜி.எஸ்.எம். அளவிலுள்ள தாளை வெளி அட்டையைவிட எல்லாப் பக்கமும் 2 மி.மீ. குறைவாக வெட்டி, 148 மி.மீ. பக்கம் மடிப்பாக வருமாறு பாதியாக மடியுங்கள். மடித்த நிலையில், மடிப்பின் நடுவில் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகளை 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டுகளின் முனைகளை இணைக்கும் கோட்டில் ரீஃபிலால் அழுத்தி, அந்த நாக்கை முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை மடித்து நிமிர்த்துங்கள். பிறகு தாளைப் பாதி திறந்து, நாக்கை உள்ளே தள்ளினால் ஒரு சிறு பெட்டி படி போல எழுந்து நிற்கும். அந்தப் பெட்டியின் முன்முகத்தில்தான் ராக்கெட்டின் அடிப்பாகம் ஒட்டப்படும்.

ராக்கெட்டின் உயரத்தை மனம்போனபடி வைக்க முடியாது. பெட்டியின் ஆழத்தையும் ராக்கெட்டின் உயரத்தையும் கூட்டினால் அது பக்கத்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அட்டையை மூடும்போது ராக்கெட்டின் மூக்கு வெளியே நீட்டும். நம் அட்டையில் பக்கத்தின் உயரம் 10.5 செ.மீ., பெட்டியின் ஆழம் 3 செ.மீ.; எனவே 7.5 செ.மீ. வரை இடமுண்டு, 6.5 செ.மீ. ராக்கெட் தாராளமாக அடங்கும். இந்த ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டால் ராக்கெட்டுக்குப் பதிலாக எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை வடம் பிடித்த பையனுக்கு அதே பெட்டியில் ஒரு தேரை நிறுத்தி, சணல் கயிற்றில் வடம் கட்டி, கரை வைத்த துணியில் தொம்பை (தேரில் தொங்கும் துணி உருளை) தொங்கவிட்டுக் கொடுக்கலாம்.

ராக்கெட்டின் உடலுக்கு வெள்ளை அழைப்பிதழ் அட்டையும், உந்திகளின் அடிக்குப் பிஸ்கட் உறையின் வெள்ளி நிற உள்பக்கமும் பொருந்தும். புகைக்கு இலவம் பஞ்சைக் கைநிறைய வைக்காதீர்கள். ஒளி தெரியும் அளவுக்குப் பிய்த்து மெல்லிய படலமாக ஒட்டினால்தான் அட்டை மூடும். பின் பக்கத்து வானத்தில் அவன் வயதிலிருந்து பூஜ்யம் வரை எண்களைக் கீழிறங்கு வரிசையில் எழுதுங்கள். கடைசியாக, உள்தாளை வெளி அட்டையில் ஒட்டும்போது பெட்டியின் பின்புறத்தில் மட்டும் பசை படக் கூடாது. ஒரு பக்கத்தை ஒட்டிக் காயவிட்டு, மறுபக்கத்தில் பசை தடவி, அட்டையை மூடியே அழுத்தினால் மடிப்புகள் தாமே நேராகப் பொருந்தும்.

வயதுக்கேற்ற மாற்றங்கள்

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மேற்சொன்ன எதுவும் வேண்டாம். பட்டன், வாஷர், நூல், பஞ்சு ஆகிய அனைத்தும் வாய்க்குப் போகும். அவர்களுக்குத் திறந்து மூடும் கதவு ஒன்றே போதும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை நினைத்து, பச்சைத் துணிப் புதர் ஒன்றைக் கதவாக்கி, அதைத் திறந்தால் காவி நிறத் துணியில் கறுப்புப் பட்டைகளோடு ஒரு புலி தெரியும்படி செய்யலாம். எல்லாவற்றையும் ஓரம் தூக்காமல் முழுமையாக ஒட்ட வேண்டும்.

பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களுக்குப் படமே கூடாது. காக்கி அல்லது கறுப்பு அட்டை, நடுவில் 4 செ.மீ. சதுரமாக ஒரு பத்தமடைப் பாய்த் துண்டு அல்லது பனையோலைப் பின்னல், கீழே பெயர், அவ்வளவுதான். ஓலைப் பின்னலுக்கு 5 மி.மீ. அகல ஓலைகளை எட்டுக்கு எட்டாகக் குறுக்கும் நெடுக்கும் ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, பின்புறம் தாளை ஒட்டிச் சதுரமாக நறுக்கினால் போதும். இந்த வயதுப் பையன்களுக்கு உள்ளே பணம் வைக்க ஒரு சிறு பையை, சட்டைப் பாக்கெட்டின் வெட்டுத்துணியிலேயே அமைத்துக் கொடுப்பது நன்றியோடு ஏற்கப்படும்.

எழுதுவது

வாழ்த்து வாசகத்துக்கு அச்சு அட்டைகளின் மொழியை நாட வேண்டியதில்லை. யார் எழுதுகிறாரோ அவர் பேசுவதுபோலவே எழுதட்டும். ஆச்சி தன் பேரனுக்கு எழுதினால், “ஏலேய் மக்கா, பத்து வயசு ஆயிட்டுல்லா! இனி ஆச்சிய நீதான் கையப் புடிச்சு ரோடு தாண்டிவிடணும்” என்று எழுதலாம். அத்தை எழுதினால் “என் மருமகப்பிள்ளைக்கு” என்று தொடங்கலாம். கடந்த ஓராண்டில் அவன் கற்ற ஒன்றை, அது நீச்சலோ, சைக்கிளோ, பம்பரமோ, பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மெழுகுப் பூச்சுள்ள அழைப்பிதழ் அட்டையில் பேனா மை காயாமல் இழுவும். ஆகவே எழுதும் பகுதிக்குச் சாதாரணத் தாளை ஒட்டிவிட்டு, பென்சிலால் மெல்லக் கோடிட்டு, எழுதிய பிறகு அழித்துவிடுங்கள். பின்பக்கத்தில் தேதியையும் செய்தவரின் பெயரையும் இடலாம்.

உறை

காற்றாலை அட்டையும் பேருந்து அட்டையும் கனமானவை; சாதாரண உறையில் போகா. பக்கங்களில் 1 செ.மீ. அகல விளிம்பு வைத்து ஒரு தட்டைப் பெட்டியை மெல்லிய சட்டை அட்டையில் செய்துகொள்ளுங்கள். அட்டையின் அளவோடு நான்கு பக்கமும் 1 செ.மீ. கூட்டி வெட்டி, ஓரங்களை மடித்து மூலைகளை ஒட்டினால் அடித்தட்டு கிடைக்கும். அதையே 2 மி.மீ. பெரிதாகச் செய்தால் மூடி. நேரில் கொடுப்பதானால் இது போதுமானது. அஞ்சலில் அனுப்பினால் இயங்கும் பாகங்களின்மேல் ஒரு மெல்லிய தாளைச் சுற்றி, முன்னும் பின்னும் காலண்டர் அட்டை வைத்து, பெட்டியைப் பழுப்புத் தாளில் பொதிந்து விடுங்கள். வாஷர் வைத்த அட்டை சாதாரணக் கடிதத்தின் முதல் எடைப்படியான 20 கிராமைத் தாண்டிவிடும் என்பதால், தபால்தலையை உத்தேசமாக ஒட்டாமல் அஞ்சலகத்திலேயே எடைபோட்டு ஒட்டுங்கள்.